தோளுக்குப் பின்னால் ஒரு கையகலம்

பகலில் என் வேலை இதயங்களைத் தேடுவது.
விரோக்வா ஊர் மருத்துவமனை, இரண்டாம் மாடி,
இருட்டறை, சில்லென்ற கூழ், கையில் கருவி.
"இடப்பக்கம் திரும்பிப் படுங்கள்,
கையைத் தலைக்கு மேலே வையுங்கள்."
இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே
கருவியை எள்ளளவு சாய்த்தால்
திரையில் கதவுகள் திறந்து மூடும்.
தவறினால் நுரையீரல், வெறும் பனிமூட்டம்.
தவறினால் என்ன,
மறுபடி சாய்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் மாலைகளில்
ஓக் மரத்தில் பதினெட்டடி உயரத்தில்
என்னை வாரால் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.
கீழே ஸ்கோகன் வீட்டாரின் சோளக்கொல்லை, பாதி அறுத்தது.
அதற்கப்பால் கிக்காப்பூ ஆறு.
இங்கேயும் அதே தேடல்.
சாய்த்துப் பார்க்க மட்டும் வழியில்லை.

போன வருஷம் அந்தக் கலைமான்
என்னை நோக்கி அரைவாசி திரும்பி நின்றது.
இருபத்திரண்டு கஜம். கொம்பில் எட்டுக் கிளை.
கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே
ஓர் இடைவெளி தெரிந்தது.
தெரிந்தது என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.
அம்பு எலும்பில் பட்ட ஒலி
வாசற்கதவை யாரோ ஒரேயொரு முறை தட்டியதுபோல.

மெர்ல் ட்வெட்டன் தன் குட்டைக்கால் நாயோடு வந்தான்.
முதலில் கையளவு ரத்தம் இலைகளில்,
பிறகு காசளவு,
பிறகு மிளகளவு,
பிறகு நாயின் மூக்குக்கு மட்டும்.
அதிகாலை மூன்று மணிக்கு, வேலியோரம்,
நாய் உட்கார்ந்துவிட்டது.
மெர்ல் திட்டவில்லை.
தெர்மாஸ் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினான்.
திட்டியிருக்கலாம்.

டிசம்பரில், மரத்தில் கட்டிய கேமராவில்
அது மூன்று காலில் வந்தது.
உயிரோடுதானே இருக்கிறது என்றார்கள் எல்லோரும்.

வில்கடைக்காரன் டுவேன் சொல்கிறான்
புது முனை எலும்பையும் பிளக்குமாம்.
அவன் கொல்லையில் நிற்கும் ரப்பர் மான்
எந்நேரமும் பக்கவாட்டில் நிற்கிறது,
விலாவில் வட்டங்களோடு.
ஓரடி எடுத்து வைத்ததில்லை.
யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நேருக்கு நேர் நின்றால், இல்லை.
வால் காட்டி நின்றால், இல்லை.
மரத்தடிக்கே வந்து முதுகைக் காட்டினாலும்
இல்லை, ஒற்றை நுரையீரல்தான் கிடைக்கும்.
காது விறைத்திருந்தால்
நாணின் ஒலி அம்பை முந்தும்,
மான் அந்த ஒலிக்குள் குந்திவிடும்.
விலகித் திரும்பி நின்றால் மட்டும்...
அப்போதும் அம்பு நுழையும் இடம் குறியல்ல,
வெளியேறும் இடம்தான்:
மறுபக்கத்து முன்கால்.

இன்று ஒரு பிணை. தனியாக.
பதினேழு கஜத்தில்
என்னை நோக்கி அரைவாசி திரும்பியபடி
ஓக் காய்களை மென்றுகொண்டிருந்தது.
அதே இடைவெளி.
நான் ஏற்கனவே இழுத்துவிட்டிருந்தேன்.
தளர்த்தினால் அசைவு தெரியும்.
நாணைக் கன்னத்தில் வைத்து நாணி நின்றேன்.
முழங்கை எரிந்தது.
மூக்கின்மேல் ஏதோ ஒரு பூச்சி.
எலும்புக்குப் பின்னால் அந்தக் கதவுகள்
திறந்து மூடுவதை என்னால் பார்க்க முடிந்தது;
அதுதான் தொல்லை,
பார்க்க முடிந்ததெல்லாம் எட்டக்கூடியதென்று தோன்றுவது.

பிறகு அது, எனக்காக அல்ல,
சற்று தள்ளிக் கிடந்த இன்னொரு காய்க்காகத் திரும்பியது.
முன்கால் ஓரடி முன்னே போனது.
தோளுக்குப் பின்னால் ஒரு கையகலம் திறந்தது.

நாற்பது தப்படி. அவ்வளவுதான் ஓடியது.

இழுத்துப்போக மெர்ல் வந்தான்.
டார்ச்சை அடித்து இரு பக்கமும் பார்த்தான்.
"எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாய்?"
தெரியவில்லை என்றேன்.
"திரும்பாமலே போயிருந்தால்?"
அதற்கும் தெரியவில்லை என்றேன்.
ம் என்றான். பின்னங்கால்களைப் பிடித்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு
ஓவர்கார்ட் தாத்தா கேட்டார்,
"ஏம்மா கை நடுங்குது?
உள்ளே ஏதாவது பார்த்துட்டியா?"
"இல்லை" என்றேன்.
"நன்றாகத் திரும்பிப் படுத்திருக்கிறீர்கள்.
அப்படியே இருங்கள்."